ஆல்ப்ஸ் கல்லுக்கு வயசு 100 மில்லியனா 35 மில்லியனா? சிர்கான் விஷயம் தெரிஞ்சவங்க வாங்க

ரவுப்காரன்
வணக்கம் மக்களே. அக்கா மக யூனியில ஜியாலஜி படிக்குது, லீவுக்கு நம்ம பகாங் மாநிலத்து ரவுப் வந்திருக்கு. சாப்பிடறப்ப பேச்சுவாக்குல ஒன்னு சொல்லிச்சு, இத்தாலி பக்கத்து ஆல்ப்ஸ் மலையில டோரா மைராங்கிற எடத்துல ஒரு கல்லு இருக்காம், பூமிக்குள்ள நூறு கிலோமீட்டருக்கு மேல கீழ போயிட்டு திரும்ப மேல வந்த கல்லாம். சரி, போயிட்டு வந்திருக்கட்டும். ஆனா அது எப்ப கீழ போச்சுன்னு கேட்டா முதல்ல 100 மில்லியன் வருஷம்னு சொல்லியிருக்காங்க, அப்புறம் இல்ல இல்ல 35 மில்லியன் தான்னு மாத்திட்டாங்க. நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா இருந்தவன். 35 பேர் வேலை செஞ்ச அன்னைக்கு செக்ரோல்ல 100 பேர்னு எழுதியிருந்தா தொரை அன்னைக்கே என் பேர்ல கோடு போட்டிருப்பாரு. இவங்க மட்டும் எப்படி தப்பிச்சாங்க? பாப்பாகிட்ட கேட்டா சிர்கான், ஆர்கான்னு என்னென்னவோ சொல்லுது, பாதிதான் ஏறுது. தெரிஞ்சவங்க கொஞ்சம் நிதானமா சொல்லுங்க.

சந்தேகப்பிராணி
அண்ணே இதுல என்ன ஆச்சரியம், எல்லாம் குத்துமதிப்பு தான்லா. மில்லியன் கணக்குல சொன்னா யாரு போய் செக் பண்ணப்போறா. இன்னும் பத்து வருஷம் கழிச்சு 12 மில்லியன்னு சொல்லுவாங்க பாருங்க.

பிசிக்ஸ்_வாத்தியார்
குத்துமதிப்பு இல்ல தம்பி. சிர்கான்னா சிர்க்கோனியம் சிலிக்கேட், ரொம்ப சின்ன கிறிஸ்டல், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு சைஸ். அது வளர்றப்ப யுரேனியத்த உள்ள விடும், ஈயத்த அண்ட விடாது. அதனால பின்னாடி உள்ள எவ்வளவு ஈயம் இருக்கோ அது கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம் சிதைஞ்சு உண்டானது. யுரேனியம் 238 பாதியா குறைய 4.47 பில்லியன் வருஷம், யுரேனியம் 235 பாதியா குறைய 704 மில்லியன் வருஷம். முதலாவது ஈயம் 206 ஆகும், ரெண்டாவது ஈயம் 207 ஆகும். ஒரே சிர்கான் மணிக்குள்ள ரெண்டு தனித்தனி கணக்கு ஓடுது, ரெண்டும் ஒரே வயச கொடுத்தா அப்புறம் என்ன சந்தேகம்? ரெண்டும் ஒத்துப்போற கோட்ட வரைஞ்சு, விலகிப்போனா எந்தப்பக்கம் விலகும்னு 1956லயே வெதெரில்னு ஒரு விஞ்ஞானி போட்டுக் காட்டிட்டாரு. ஆஸ்திரேலியா ஜாக் ஹில்ஸ்ல 4.4 பில்லியன் வருஷத்து சிர்கான் 2001ல வெளியிட்டாங்க, பூமியில கிடைச்சதுலயே பழசு. அவ்வளவு நாளு உள்ள வச்சிருந்தத பத்திரமா காப்பாத்தியிருக்கு. என்னைக் கேட்டா சிர்கான் ஒன்னு போதும், மத்ததெல்லாம் சும்மா.

அமாங்_முத்து
ஆஹா சிர்கான்னதும் ஓடி வந்துட்டேன். நான் பேராக்ல அமாங் கொட்டாயில வேலை பாத்தவன், இப்ப மக வீட்டுல ரவுப்ல இருக்கேன். சின்னப் பசங்களுக்குத் தெரியாது, வெள்ளீய லம்பத்துல, அதான் சுரங்கத்துல, மண்ண கழுவி வெள்ளீயத்த எடுத்த பிறகு மிஞ்சுற கனமான மணலுக்குத்தான் அமாங்னு பேரு. அதுல இல்மனைட் இருக்கும், மோனசைட் இருக்கும், செனோடைம் இருக்கும், சிர்கான் இருக்கும். காய வச்சு காந்தத்துல விட்டா இல்மனைட் முதல்ல ஒட்டிக்கும், காந்தத்த ஏத்துனா மோனசைட் ஒட்டும், சிர்கான் எதுக்கும் மசியாது, கடைசி வரைக்கும் நேரா ஓடிடும். மோனசைட்ல தோரியம் இருக்குன்னு மூட்டைய தனியா வைக்கச் சொல்லுவாங்க, 84ல அணுசக்தி லைசன்ஸ் சட்டம் வந்த பிறகு இன்னும் கண்டிப்பு. நாங்க டன் கணக்குல அள்ளுனத இவங்க ஒத்த ஒத்த மணியா வச்சு வயசு பாக்குறாங்களா? ஒரு மணியில எவ்வளவு ஈயம் இருந்துடப்போகுது?

கல்லுப்பைத்தியம்
முத்து அண்ணே, நீங்க செஞ்ச அதே வேலையத்தான் நாங்க லேப்ல சின்ன அளவுல செய்யறோம், சத்தியமா. கல்ல உடைச்சு, சலிச்சு, தண்ணி மேசையில ஓடவிட்டு, காந்தத்துல விட்டு, அப்புறம் தண்ணியப்போல மூணு மடங்குக்கு மேல கனமான ஒரு திரவத்துல போட்டா குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் எல்லாம் மிதக்கும், சிர்கான் அடியில உக்காரும். கடைசியா மைக்ராஸ்கோப் அடியில ஊசி வச்சு கையாலதான் பொறுக்கணும். கண்ணு போயிடும்.

நான் பெந்தோங் பொண்ணு, வெளிநாட்டுல இந்த வயசு பாக்குற லேப்ல வேலை. ரவுப் அண்ணன் கேள்விக்கு வரேன். அந்த 100 மில்லியன் பெரும்பாலும் யார் கொடுத்த கணக்குன்னு பாருங்க. சிர்கான் இல்ல, வெள்ளை மைக்கா. பெங்கைட்னு ஒரு மைக்கா, அழுத்தம் கூடின கல்லுல நல்லா வளரும், அதுல பொட்டாசியம் நிறைய. பொட்டாசியம் 40 சிதைஞ்சா ஆர்கான் வரும், பாதியாக 1.25 பில்லியன் வருஷம். ஆர்கான் வாயு, யாரோடயும் ஒட்டாது, கல்லு சூடா இருக்கிற வரைக்கும் வெளிய ஓடிடும், ஆறினப்புறம் உண்டாகுறது மட்டும் மைக்காவுக்குள்ள மாட்டிக்கும். அப்ப மாட்டுன ஆர்கான அளந்தா ஆறின நாள் தெரியும். இதுதான் எதிர்பார்ப்பு.

டோரா மைராவுல என்ன ஆச்சுன்னா, அந்தக் கல்லு கீழ போறதுக்கு முன்னாடியே பழசு, அங்க 270 மில்லியன் சொச்சம் வருஷத்து கிரானைட் இருக்கு. அதுக்குள்ள ஏற்கனவே நிறைய ஆர்கான் சேர்ந்திருந்துச்சு. நூறு கிலோமீட்டர் ஆழத்துல ஈரமே இல்லாத கல்லுல அந்தப் பழைய ஆர்கானுக்கு ஓட வழி கிடைக்கல, புதுசா வளர்ற மைக்காவுக்குள்ளயே போய் உக்காந்துடுச்சு. நம்ம ஆளு அளந்தா புதுசும் பழசும் சேர்ந்து வரும், வயசு கூடித்தான் காட்டும். 100 மில்லியன் அப்படி வந்தது. அளந்தவங்க ஒழுங்காத்தான் அளந்தாங்க, இப்பவும் அதே மைக்காவ அளந்தா அதே நம்பர்தான் வரும். செக்ரோல் கணக்குல சொன்னா, முந்தின மாசத்து பேரெல்லாம் அழிக்காம இந்த மாசத்து ஏட்டுல கூட்டிட்டாங்க.

ரவுப்காரன்
இப்பத்தான் புரியுது. அப்ப 35ஐ யாரு கண்டுபிடிச்சது?

கல்லுப்பைத்தியம்
கதை 1984ல ஆரம்பிக்குது. கிறிஸ்டியன் ஷோபான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் டோரா மைராவுல கார்னெட்னு ஒரு கெட்டியான மினரலுக்குள்ள கோயசைட் பாத்தாரு. கோயசைட்னா குவார்ட்ஸ்தான், ஆனா அழுத்தத்துல நெருக்கி அடுக்குனது, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம் இல்லாம உண்டாகாது. அதே வருஷம் நார்வேயிலயும் ஒருத்தர் கண்டுபிடிச்சாரு. அதுக்கு முன்னாடி வரைக்கும் கண்டத்து மேலோடு அவ்வளவு ஆழம் போகும், போனாலும் திரும்பி வரும்னு யாரும் பெருசா யோசிக்கல. அங்க சில கார்னெட் 20 சென்டிமீட்டர் வரைக்கும் வளர்ந்திருக்கு, பெரிய போமெலோ பழம் மாதிரின்னு எழுத கை வருது, வேணாம்.

97ல கெபாவர் குழு, கான்பெர்ராவுல 1980 வாக்குல பில் காம்ப்ஸ்டன் ஆளுங்க கட்டுன ஷ்ரிம்ப் இருக்கே, அயான் கதிர் அடிச்சு மணியில சின்னப் புள்ளிய மட்டும் அளக்கும், அந்த வகை மெஷின்ல சிர்கான அளந்து சுமார் 35 மில்லியன்னு சொன்னாங்க. 2001ல ருபாட்டோவும் ஹெர்மனும் டைட்டனைட்டுன்னு இன்னொரு மினரல் எடுத்தாங்க. ஒரே கல்லு வகையில மூணு கட்டத்துல வளர்ந்த டைட்டனைட், ஒவ்வொன்னும் எந்த அழுத்தத்துல வளர்ந்துச்சுன்னு அதோட வேதியல்லயே தெரியுது. வயசு 35.1, 32.9, 31.8 மில்லியன். அதாவது 3 மில்லியன் வருஷம் சொச்சத்துல நூறு கிலோமீட்டருக்கு மேல இருந்த கல்லு இருபது கிலோமீட்டருக்கு வந்துடுச்சு. ஆரம்பத்துல வருஷத்துக்கு 3.4 சென்டிமீட்டர் வேகம், பூமியோட மேல்தட்டு கீழ போற வேகத்துக்கே ஈடு. வயசு 100 மில்லியன்னே வச்சிருந்தா இந்த வேகம் நமக்குத் தெரிஞ்சே இருக்காது.

சந்தேகப்பிராணி
சரி அக்கா ஒன்னு கேக்குறேன் கோச்சுக்காதீங்க. 270 மில்லியனும் அந்தக் கல்லுல சிர்கான் கொடுத்ததுதானே? 35உம் சிர்கான்தானே? ஒரே கல்லு ஒரே மினரல் ரெண்டு வயசு. அப்ப வேணுங்கிறத எடுத்துக்கிறாங்கன்னு தானே அர்த்தம்.

கல்லுப்பைத்தியம்
நல்ல கேள்வி, உண்மையிலேயே. வாத்தியார் சார் சொன்ன "சிர்கான் ஒன்னு போதும்" இங்கதான் இடிக்குது.

பொறுக்கின மணிய பிசின்ல பதிச்சு பாதி வரைக்கும் தேய்ச்சுடுவோம், நடு வயிறு தெரியணும். அப்புறம் எலக்ட்ரான் அடிச்சா அது ஒளி விடும், கருப்பு வெள்ளை படமா எடுப்போம். நான் போன மாசம் பாத்த ஒரு மணிய சொல்றேன். நடுவுல உடைஞ்ச ஓரத்தோட ஒரு கருத்த கட்டி, அதுக்குள்ள நேர்கோடு நேர்கோடா மெல்லிசா அடுக்கு, அது உருகுன பாறைக் குழம்புல வளர்ந்த அடையாளம். அந்த அடுக்க சட்டுனு வெட்டிக்கிட்டு சுத்தி ஒரு வெளிர் சாம்பல் பட்டை, அடுக்கே இல்லாம மேகம் மாதிரி, ஒரு பக்கம் 30 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒன்னு) அகலம், மறுபக்கம் 5 மைக்ரான் கூட தேறாது. உள்கட்டி பழைய கிரானைட் வயசு, வெளிப்பட்டை கல்லு சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறினப்ப வளர்ந்தது. வயசு பாக்க லேசரால சுட்டு வர்ற தூளத்தான் அளப்போம், அந்தக் குழியோ 20ல இருந்து 40 மைக்ரான் அகலம், ஆழம் வேற. கொஞ்சம் தள்ளி அடிச்சா பாதி கட்டி பாதி பட்டை, நடுவுல ஒரு வயசு வரும், 140ன்னோ 90ன்னோ. அந்த வயசுல அந்தக் கல்லுக்கு எதுவுமே நடக்கல. அதனாலதான் படம் எடுக்காம அடிச்ச டேட்டாவ நான் திரும்பிக்கூட பாக்கமாட்டேன்.

ரெண்டு வயசும் நிஜம். கல்லுக்கு ஒரு வயசுன்னு கேக்குறதுலதான் சிக்கல்.

லோரி_ராஜன்
எனக்கும் அப்படித்தான் அக்கா, அடையாள கார்டுல ஒரு வயசு முழங்கால்ல ஒரு வயசு

பிசிக்ஸ்_வாத்தியார்
சரி, உள்கட்டி வேற பட்டை வேற, ஒத்துக்கறேன். பட்டைய மட்டும் சரியா அடிச்சா போதுமே? அது 35ன்னு சொல்லிடுச்சு, முடிஞ்சது கதை.

கல்லுப்பைத்தியம்
முடியல சார். பட்டை எப்ப வளர்ந்துச்சுன்னு தெரியும், அப்ப கல்லு எங்க இருந்துச்சுன்னு அந்த நம்பர் சொல்லாது. 100 கிலோமீட்டர் ஆழத்துலயா, மேல வர்ற வழியில 30ல நின்னு லேசா உருகினப்பவா? ரெண்டுலயும் சிர்கான் வளரலாம். இன்னும் சொன்னா, கல்லு சூடு ஏறுறப்ப சிர்கான் கரையத்தான் பாக்கும், குழம்பு உண்டாகி அது ஆறுறப்பதான் திரும்ப படியும். அதனால உருகுன கல்லுல பல பட்டை உச்சி அழுத்தத்துக்குப் பின்னாடி உள்ளது. உங்க யுரேனியம் கணக்கு ரெண்டும் அச்சு பிசகாம ஒத்துப்போகும், ஆனாலும் நீங்க தேடுன சம்பவம் அது இல்லாம போயிடும்.

அதுக்கு ரெண்டு வழி கைவசம் இருக்கு. ஒன்னு நேரடி சாட்சி: பட்டைக்குள்ளயே கோயசைட் துணுக்கு மாட்டியிருக்கா, உயர் அழுத்தத்துல வளர்ற ஓம்ஃபசைட்னு பச்சை மினரல் மாட்டியிருக்கா. கஜகஸ்தான் கோக்செடாவ்ல வைரமே மாட்டியிருக்கு, கார்னெட்லயும் சிர்கான்லயும். சீனாவுல டாபியே–சுலு பக்கம் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு, வெளிய பாத்தா வெறும் சாதா நைஸ், அதான் பட்டை பட்டையா இருக்கிற உருமாறின கல்லு, அது மாதிரி தெரியுற கல்லு, வெளிய ஒரு அடையாளமும் இல்ல, சிர்கானுக்குள்ள மட்டும் கோயசைட் தப்பிப் பிழைச்சிருக்கு, வயசு டிரையாசிக் காலம், அதாவது 250க்கும் 200 மில்லியனுக்கும் நடுவுல. சிர்கான் கெட்டி, உள்ள போன துணுக்க வெளி உலகம் தொடாம வச்சுக்கும். இதுதான் எனக்கு சிர்கான்ல ரொம்பப் பிடிச்ச விஷயம், யுரேனியம் கூட இல்ல.

துணுக்கு கிடைக்காதப்ப ரெண்டாவது வழி, யூரோப்பியம், லுட்டீசியம் மாதிரி அரிய மண் தனிமங்கள பாப்போம். கார்னெட் கனமான அரிய மண் தனிமங்கள உறிஞ்சிக்கும். கூட கார்னெட் வளர்ந்துக்கிட்டு இருந்தா சிர்கான் பட்டைக்கு அது மிஞ்சாது. பிளாஜியோக்ளேஸ் ஃபெல்ஸ்பார் யூரோப்பியத்த இழுத்துக்கும், ஆனா அந்த ஃபெல்ஸ்பார் அழுத்தம் கூடினா உடைஞ்சிடும், எக்லோஜைட்ல, அதான் உயர் அழுத்தத்துல கார்னெட்டும் ஓம்ஃபசைட்டுமா மாறின கல்லுல, இருக்காது. அப்ப பட்டையில கனமான தனிமம் கம்மி, யூரோப்பியம் மட்டும் குறைஞ்சு வரைபடத்துல குழி விழல, ரெண்டும் சேர்ந்து இருந்தா இது எக்லோஜைட் நிலையில வளர்ந்ததுன்னு கை வைக்கலாம். ருபாட்டோ 2002ல இத தெளிவா எழுதினதுக்கு அப்புறம் எல்லாரும் இதத்தான் செய்யறோம். தோரியம்–யுரேனியம் விகிதம் 0.1க்கு கீழன்னா உருமாற்ற சிர்கான்னு ஒரு பழைய விதி சுத்துது. ஆரம்ப அறிகுறியா வச்சுக்கலாம், தீர்ப்பா வச்சுக்கக்கூடாது.

பிசிக்ஸ்_வாத்தியார்
கார்னெட் பக்கத்துல இருந்துச்சுன்னு சிர்கான்ல தேடுறதுக்கு பேசாம கார்னெட்டோட வயசையே பாத்துட்டா என்ன?

கல்லுப்பைத்தியம்
சார் இப்ப வழிக்கு வந்தீங்க 😀 பாக்கறாங்களே. கார்னெட் லுட்டீசியத்த ரொம்ப விரும்பும், ஹாஃப்னியத்த சேர்க்காது. லுட்டீசியம் 176 சிதைஞ்சு ஹாஃப்னியம் 176 ஆகும், பாதியாக 37 பில்லியன் வருஷம் கிட்ட. லுட்டீசியம் பெரும்பாலும் கார்னெட் நடுவுல குமிஞ்சிருக்கும், அதனால வயசும் கார்னெட் வளர ஆரம்பிச்ச பக்கம் சாயும். சமேரியம்–நியோடைமியம் வச்சும் பாக்கலாம், பாதியாக 106 பில்லியன் வருஷம், அது ஓரத்துப் பக்கம், பின்னாடி உள்ள நேரத்துக்கு சாயும். ரெண்டையும் ஒரே கார்னெட்ல பாத்தா எவ்வளவு நாள் வளர்ந்துச்சுன்னு ஒரு பிடி கிடைக்கும்.

ஆனா இங்கயும் ஒரு வில்லன். யாருன்னு சொல்லுங்க பாப்போம்.

அமாங்_முத்து
சிர்கான் தானே? சிர்கான்ல ஹாஃப்னியம் இருக்கும்னு எங்க வாங்குறவன் சொல்லுவான்.

கல்லுப்பைத்தியம்
அண்ணே கை கொடுங்க! அதேதான். சிர்கான்ல நூத்துக்கு ஒரு பங்கு அளவுக்கு ஹாஃப்னியம் இருக்கும், கார்னெட்ல ஒன்னுமே இல்லாத மாதிரி. கார்னெட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சிர்கான் தூசி நாலு மாட்டியிருந்தாலும் போச்சு, கார்னெட்டோட ஹாஃப்னியம் கணக்கு முழுக்க அடிபட்டுடும். அதனால கார்னெட்ட உயர் அழுத்தம் தாங்குற இறுக மூடின பாத்திரத்துல போட்டு கரைக்கமாட்டோம், சாதாரண ஹாட்பிளேட்ல மூடி போட்ட குப்பியில அமிலம் ஊத்தி கரைப்போம். கார்னெட் கரைஞ்சிடும், சிர்கான் கரையாம அடியில வெள்ளைத் தூளா கிடக்கும், வடிகட்டி எறிஞ்சுடுவோம். ஒரு மினரலுக்கு உயிரா இருக்கறது இன்னொன்னுக்கு அழுக்கு. 2021ல இருந்து அடிலெய்டு ஆளுங்க லேசராலயே நேரா கார்னெட் மேல அடிச்சு லுட்டீசியம்–ஹாஃப்னியம் வயசு பாக்குறாங்க, கரைக்கிற வேலை இல்ல. துல்லியம் கரைச்சு அளக்குற அளவுக்கு வராது, ஆனா எந்த எடத்துல அடிக்கிறோம்னு கண்ணால பாத்து அடிக்கலாம், வேகமும் ஜாஸ்தி.

ரூட்டைலும் உண்டு. டைட்டானியம் ஆக்சைடு, எக்லோஜைட்ல டைட்டானியம் பெரும்பாலும் அதுக்குள்ளதான் இருக்கும். அதுலயும் யுரேனியம்–ஈயம் கணக்கு ஓடும், ஆனா யுரேனியம் கம்மி, அதோட சுமார் 600 பாகைக்கு மேல ஈயத்த பிடிச்சு வைக்காது. அதனால சூடான எக்லோஜைட்ல அது ஆறின நேரத்த சொல்லும். இந்த "எத்தனை பாகைக்கு கீழ பூட்டிக்கும்"ங்கிற கணக்க டாட்சன் 1973ல போட்டாரு, அதுலதான் நாங்க பொழப்பு நடத்துறோம். கார்னெட் அழுத்தம் ஏறுற பாதையச் சொல்லும், சிர்கான் உச்சி அழுத்தத்தையோ அதுக்கு அப்புறத்தையோ, ரூட்டைல் ஆறி இறங்குற பாதைய, மைக்கா கடைசி. எல்லாம் ஒரே நம்பர் கொடுத்தா நான் சந்தேகப்படுவேன், இல்லன்னா கல்லு ரொம்ப வேகமா வந்திருக்கணும்.

சந்தேகப்பிராணி
அந்த மாதிரி வேகமா வந்தது எங்கயாச்சும் இருக்கா

கல்லுப்பைத்தியம்
இருக்கே, நம்ம பக்கம்தான். பப்புவா நியூ கினி கிழக்கு முனையில உள்ள தீவுகள்ல கோயசைட் உள்ள எக்லோஜைட் இருக்கு. சிர்கான் சுமார் 8 மில்லியன், கார்னெட் சுமார் 7 மில்லியன், பிழை வரம்புக்குள்ள ஒன்னுதான். உலகத்துல தெரிஞ்ச அந்த வகைக் கல்லுலயே இளசு. நூறு கிலோமீட்டர் ஆழத்துல 8 மில்லியன் வருஷத்துக்கு முன்னாடி இருந்தது இன்னைக்கு கடற்கரையில கிடக்கு.

ரவுப்காரன்
இவ்வளவு பண்ணியும் சண்டை வராம இருக்குமா? பாப்பா லடாக் பத்தி ஏதோ சொல்லிச்சு.

கல்லுப்பைத்தியம்
ட்சோ மொராரி. இந்தியத் தட்டோட முன் விளிம்பு ஆசியாவுக்கு அடியில போயி வந்த எடம், அங்கயும் கோயசைட். 2005ல ஒரு குழு சிர்கான் வச்சு உச்சி அழுத்தம் 53 மில்லியன்ல நடந்துச்சுன்னாங்க. 2013ல இன்னொரு குழு, அதுவும் சிர்கான் வச்சுத்தான், 47ல இருந்து 43க்குள்ளன்னாங்க. அந்தப் பக்கம் பாகிஸ்தான் காகான்ல கோயசைட் மாட்டியிருக்கிற சிர்கான் 46 மில்லியன் கிட்ட. ஆறேழு மில்லியன்தானேன்னு விட முடியாது. 53ன்னா மோதல் அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சு தட்டு செங்குத்தா இறங்கியிருக்கணும், 46ன்னா ரெண்டு எடமும் ஒரே கதை. என் கட்சி 47 பக்கம், காரணம் சொல்லிடறேன், கூட அரிய மண் தனிமத்தையும் பாத்து எந்த நிலையில வளர்ந்த பட்டைன்னு கட்டி வச்ச வயசு அது. வெறும் பட்டைன்னு சொன்னா எனக்குப் பத்தாது. இதுக்கு எதிர்க்கட்சியும் இருக்கு, கான்ஃபரன்ஸ்ல பாத்தா டீ கூட குடிக்கமாட்டாங்க.

லோரி_ராஜன்
அக்கா பர்மா பச்சைக்கல்லு? பெந்தோங் பசார்ல ஒரு ஆள் கைவளையல் விக்கிறாரு, கோடி வருஷம் பழசுன்னு சொல்லி விலை ஏத்துறாரு

கல்லுப்பைத்தியம்
நெசமான ஜேடைட்டா இருந்தா கோடி என்ன, பல கோடி. அதுவும் உயர் அழுத்தக் கல்லுதான், தட்டு இறங்குற எடத்துல திரவம் ஓடி உண்டானது. ஆனா அதோட சிர்கான் விஷயத்துல ஆளுங்க ஒத்துப்போகல. ஒரு குழு 160ல இருந்து 120 மில்லியன் வரைக்கும் மூணு கூட்டமா கண்டாங்க, இன்னொரு குழு 77 மில்லியன்தான் ஜேட் உண்டான நேரம், பழசெல்லாம் முன்னாடியே இருந்த கல்லோட மிச்சம்னாங்க. விக்கிறவரு எந்த நம்பர் சொன்னாலும் வளையல் விலை குறையாது, கண்ணாடியா இல்லையான்னு பாத்து வாங்குங்க.

டுரியான்_டாடி
நான் ஒரு கல்லு போட்டோ போடுறேன் பாருங்க. தோட்டத்துக்குப் பின்னால மேட்ட வெட்டி ரோடு போடுறாங்க, அங்க தகடு தகடா உரியுது, மினுமினுக்குது, நடுவுல மடிப்பு மடிப்பா இருக்கு. நம்ம ரவுப் ரெண்டு கண்டம் சேர்ந்த எடம்னு சொல்றாங்களே, அப்ப இதுவும் நூறு கிலோமீட்டர் போயிட்டு வந்ததா? இதுல சிர்கான் எடுத்து வயசு பாக்க எவ்வளவு வெள்ளி ஆகும்?

கல்லுப்பைத்தியம்
போட்டோவுல ஷிஸ்ட் மாதிரி தெரியுது, தகடு தகடா உரியுற உருமாறின கல்லு. ஆமா பெந்தோங்–ரவுப் பட்டைதான் அந்த மூட்டு, மேற்கே சிபுமாசுங்கிற பழைய கண்டத்துண்டு, கிழக்கே இந்தோசீனாவோட சேர்ந்த கிழக்கு மலாயா, நடுவுல இருந்த பழைய கடல் மூடினது. கடலடியில படிஞ்ச செர்ட்டுங்கிற கெட்டிக் கல்லுல உள்ள ரேடியோலேரியா, அதான் நுண்ணுயிர் மிச்சம், டெவோனியன் காலத்துல இருந்து பெர்மியன் காலம் வரைக்கும் காட்டுது, அங்கங்க பழைய கடலடிக் கல்லு மாறின செர்பென்டினைட் திட்டு. மோதினதுக்கு அப்புறம் வந்த மெயின் ரேஞ்ச் கிரானைட் சிர்கான் வயசு பெரும்பாலும் 230க்கும் 200 மில்லியனுக்கும் நடுவுல. உங்க கல்லு அந்த ஆழம் எல்லாம் போனதில்ல. கோயசைட் கனவோட வெட்டாதீங்க. எக்லோஜைட் பக்கத்துல பாக்கணும்னா சுலாவேசி பந்திமாலா, இல்ல ஜாவா லுக் உலோ போங்க.

காசு விஷயம்: சிர்கான் எடுக்க சொல்லவேமாட்டேன், இப்போதைக்கு. இந்த மாதிரி சூடு கம்மியா ஏறின ஷிஸ்ட்ல புது சிர்கான் வளராது. கிடைக்கிற மணி எல்லாம் அந்தக் காலத்து ஆறு எங்கிருந்தோ அடிச்சுட்டு வந்த மணல். நூறு மணி அளந்தா நூறு பழைய மலையோட வயசு வரும், அதுல இளசா ஒரு கூட்டத்த பாத்து, சேறு அதுக்குப் பிறகுதான் படிஞ்சிருக்கும்னு சொல்லலாம். அது நல்ல தகவல்தான், ஆனா எப்ப உருமாறிச்சுங்கிற உங்க கேள்விக்கு பதில் இல்ல. அதுக்கு மைக்காவுல ஆர்கான் பாக்கணும்.

பிசிக்ஸ்_வாத்தியார்
மைக்கா ஆர்கானா? அத நம்பித்தானே இத்தாலியில கவுந்தாங்க.

கல்லுப்பைத்தியம்
அங்க காஞ்ச கல்லு, ஆழம், பழைய கிரானைட். இங்க ஈரமான சேறு, ஆழம் கம்மி, ஆர்கான் ஓட வழி தாராளம். அதே முறை இங்க நல்லாவே வேலை செய்யும். சந்தேகம்னா ருபீடியம்–ஸ்ட்ரான்ஷியமும் அதே மைக்காவுல பாத்து ஒப்பிடலாம், அதுல வாயு பிரச்சனை இல்ல. சுலாவேசி பந்திமாலா கல்லுக்கே பொட்டாசியம்–ஆர்கான் 110ல இருந்து 130 மில்லியன்னு வச்சுத்தான் பல வருஷம் பேசிக்கிட்டு இருந்தாங்க. அழுத்தம் கூடியும் சூடு கம்மியா உண்டான நீல ஷிஸ்ட்லயும் புது சிர்கான் பெருசா வளராது, கார்னெட்டும் மைக்காவும்தான் கை கொடுக்கும்.

டுரியான்_டாடி
அப்ப நான் என்ன பண்ணட்டும், எக்ஸ்கவேட்டர் அடுத்த வாரம் அந்த மேட்ட முழுக்க எடுத்துடும்

கல்லுப்பைத்தியம்
அப்ப இந்த வாரமே எடுத்துடுங்க. வெளித்தோல் செவந்து பொடியா இருக்கும், அத விடுங்க, சுத்தியலால உள்ள அடிச்சு கெடாத புதுக் கல்லு வர்ற எடத்துல ரெண்டு கை அளவு. எடுக்குறதுக்கு முன்னாடி மேட்டோட போட்டோ, பக்கத்துல பாராங் கத்தி வச்சு எடுங்க, சைஸ் தெரியணும். கல்லு மேல மார்க்கர்ல எந்தப்பக்கம் மேலன்னு அம்புக்குறி, மடிப்பு எந்தத் திசையில போகுதுன்னு போன் காம்பஸ்ல பாத்து எழுதுங்க, ஜிபிஎஸ் நம்பரும். ஒவ்வொரு கல்லும் தனி பிளாஸ்டிக் பை, ஒரே மூட்டையில கொட்டிடாதீங்க. ரவுப் அண்ணே, உங்க அக்கா மகளோட டிபார்ட்மெண்ட்ல மைக்ராஸ்கோப்ல பாக்க கல்ல மெல்லிய தகடா வெட்டுற ஆள் இருப்பாரு, முதல்ல அதப் பாக்கச் சொல்லுங்க, கார்னெட் தெரிஞ்சா எனக்கு தனி மெசேஜ் போடுங்க.

ரவுப்காரன்
பாப்பா பக்கத்துலதான் இருக்கு, படிச்சிட்டு செருப்ப தேடிக்கிட்டு இருக்கு. டாடி, நாளைக்கு காலைல எத்தனை மணிக்கு தோட்டத்து கேட் தொறப்பீங்க?

டுரியான்_டாடி
ஏழு மணிக்கு. நாய் கட்டிருக்கேன், ஹாரன் அடிங்க